கல்லுக்கடியில் பாம்பு இருக்குமா? பெருந்தொற்றும் கல்லூரி மாணவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். 2020 மார்ச் 17 அன்று கொரோனாவுக்காகக் கல்லூரிகளை மூடியபோது ‘மார்ச் 31 வரை’ என்றுதான் அரசு அறிவித்திருந்தது. கரும்பலகையில் பாதி போட்ட கணக்கை அழிக்காமல் விட்டு வந்தேன், இரண்டு வாரத்தில் மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று. அந்த வகுப்புக்கு அந்த மிச்சத்தைக் கடைசிவரை கரும்பலகையில் போடவே இல்லை.

அதன் பிறகு என் கைபேசிக்குக் கேள்விகள் வரத் தொடங்கின. இரவு பதினொரு மணிக்கு வரும், விடியற்காலை நான்கு மணிக்கும் வரும். பாடத்தில் சந்தேகம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றும் எங்கேயோ புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று ஒரு செய்தி வந்தால் போதும், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இன்றைய மாணவர்கள் அதே கேள்விகளோடு துறை வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இந்தப் பக்கம். நான் மருத்துவர் இல்லை. உடம்பு பற்றிய இடங்களில் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை மட்டுமே எழுதியிருக்கிறேன். மாணவர்கள் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோய் எங்கள் பக்கம் வருவதற்கு முன்பே ஏன் அவ்வளவு பயந்தோம்?

2020 மே மாதத் தொடக்கத்தில் தொற்றின் அளவைப் பொறுத்து மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் பச்சை மண்டலத்தில் இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. அந்த மாவட்டத்து மாணவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. எனக்கு அதிகமாகச் செய்தி அனுப்பியவர்கள் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துப் பிள்ளைகள்தான். ‘இன்று வருமா, நாளை வருமா’ என்ற காத்திருப்பு அவர்களைத் தின்றது. முதல் தொற்று பதிவான செய்தி வந்த அன்று ஒரு மாணவி எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரி: “வந்துவிட்டது மேடம், இனித் தூங்கலாம்.”

இதை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு விளையாட்டு விளையாடச் செய்தார்கள். திரையில் கற்கள் இருக்கும். கல்லைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருக்குமா என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று ஒரு மின்னதிர்ச்சி. வியர்வை, கண்மணி விரிவு எல்லாவற்றையும் அளந்து பார்த்ததில், பாம்பு நிச்சயம் இருக்கிறது என்று தெரிந்தபோது இருந்ததைவிட, இருக்கவும் இல்லாதிருக்கவும் சரிபாதி வாய்ப்பு என்றபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தவர் அதைவிட அமைதியாக இருந்தார்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கல்லைப் பற்றியும் அதன் அடியில் கிடப்பதைப் பற்றியும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார்களுக்கும் இது புதிதல்ல: நடக்கும், நடக்காது என்ற இரண்டே முடிவுகள் இருக்கும் இடத்தில், நிகழ்தகவு அரையாக இருக்கும்போதுதான் விலக்க வர்க்கச் சராசரி, அதாவது முடிவு எவ்வளவு சிதறும் என்பதன் அளவு, மிக அதிகம். இருபது ஆண்டுகளாக இதைப் பலகையில் எழுதிவருகிறேன். அது வயிற்றைப் பிசையும் என்பது அந்த மே மாதத்தில்தான் தெரிந்தது.

ஆகவே, ‘நீங்கள் கோழைகளா?’ என்று கேட்ட மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் என் பதில்: இல்லை. பயம் என்பது பாம்பைப் பார்த்தவுடன் வருவது. இவர்களுக்கு வந்தது கல்லைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் வருவது. முதலாவதற்குத் தைரியம் உதவும். இரண்டாவதற்குத் தகவல்தான் உதவும்.

மாணவர்கள் உண்மையில் எதற்குத்தான் பயந்தார்கள்? சாவுக்கா?

தங்கள் சாவுக்குப் பயந்தவர்கள் மிகக் குறைவு. இருபது வயதில் அது யாருக்கும் நம்பும்படியாக இருப்பதில்லை. ‘என்னால் பாட்டிக்கு வந்துவிட்டால்?’ என்பதுதான் நான் கேட்ட முதல் பயம். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ‘தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பது? ஒரு மாணவன் பதினான்கு நாள் மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்தான். கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்து அம்மா திண்ணை ஓரம் வைத்துவிட்டுப் போவாராம். “மாடு என்னைவிட நன்றாகக் கவனிக்கப்பட்டது மேடம்” என்று பிற்பாடு சிரித்தான்.

அடுத்தது அப்பாவைப் பற்றியது. எங்கள் மாவட்டங்களில் பாதி வீட்டின் சம்பாத்தியம் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் ஆகிய ஊர்களிலிருந்து வருகிறது என்று சொன்னால் உள்ளூர்க்காரர் யாரும் மறுக்க மாட்டார். கட்டட வேலை, பனியன் கம்பெனி, ஓட்டல், லாரி. ஊரடங்கு வந்ததும் அந்தப் பணம் நின்றது. ஆளும் நடுவழியில் நின்றார். ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லையில், ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் குடும்பம், நடுவில் இ-பாஸ். அதற்கு விண்ணப்பிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, தானே அப்பாவை ஊருக்குள் விடாமல் தடுத்தது போல் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

இவற்றுக்குப் பிறகுதான் தேர்வு, அரியர், வேலை எல்லாம். பெண்களுக்கு மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

தேர்வு நடக்குமா, நடக்காதா என்று ஏன் யாராலும் சொல்ல முடியவில்லை?

சொன்னார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள் என்பதுதான் சிக்கல்.

தருமபுரி, கிருஷ்ணகிரியின் கலை அறிவியல் கல்லூரிகள் சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். இவற்றுக்கு மேல் மாநில அரசு. அதற்கும் மேல் பல்கலைக்கழக மானியக் குழு. எல்லாவற்றுக்கும் மேல் நீதிமன்றம். ஒரு மாணவனின் பருவத் தேர்வு இத்தனை மேசைகளைச் சுற்றி வந்தது.

மானியக் குழு 2020 ஏப்ரல் இறுதியில் ஒரு வழிகாட்டுதல் தந்தது. ஜூலை 6 அன்று அதைத் திருத்தி, இறுதிப் பருவத் தேர்வைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்தியே ஆக வேண்டும் என்றது. ஆகஸ்ட் 26 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, இறுதிப் பருவத்தைத் தவிர மற்றவற்றில் அரியர் வைத்திருந்து கட்டணம் செலுத்தியவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு, அவர்கள் தேர்ச்சி என்று அறிவித்தார். ஊர் ஊராகப் பட்டாசு வெடிக்காத குறை. இரண்டே நாளில், ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் இறுதிப் பருவத் தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. அரியர் விவகாரம் தனியாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தேர்வே வைக்காமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நின்றது. பொறியியல் பிள்ளைகள் கதை இன்னொன்று. 2021 பிப்ரவரியில் வீட்டிலிருந்தே எழுதிய இணையவழித் தேர்வைக் கேமரா வழியே மென்பொருள் கண்காணித்தது. பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பெருவாரியானவர்கள் தோல்வி என்று வந்து, கடைசியில் மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று. கோழி உள்ளே வந்தது, தம்பி குறுக்கே ஓடினான், இவன் திரும்பிப் பார்த்தான். ஓர் அறை வீட்டில் வேறென்ன நடக்கும்?

இந்த ஒரு வருடத்தில் ஒரு மாணவனின் நிலை ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி இல்லை’, ‘தெரியாது’ என்று எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். எந்த முடிவு சரி என்பதில் எனக்கும் கருத்து உண்டு. தேர்வே வேண்டாம் என்பவர்கள் பக்கம் நான் இல்லை. ஆனால் மாணவர்களை நோகடித்தது முடிவுகளின் கடுமை இல்லை, அவற்றின் ஆயுள் குறைவு.

‘ஆல் பாஸ்’ பேட்ச் என்று எங்களை வேலைக்கு எடுக்க மாட்டார்களாமே?

மீம்ஸ்காரர்களும் சொந்தக்காரர்களும் சொன்னது அது. இடைப்பட்ட பருவங்களுக்கு முந்தைய பருவ மதிப்பெண்ணும் அகமதிப்பீடும் கொண்டு மதிப்பிட்டார்கள். இந்தியா முழுக்க அப்படித்தான். நம் மாவட்டத்துக்கென்று யாரும் தனியாகக் கருணை காட்டவில்லை. என் 2020, 2021 மாணவர்கள் இன்று ஓசூர் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் வங்கிகளிலும் இருக்கிறார்கள். நேர்காணலில் அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டார்கள், உண்மையைச் சொன்னோம் என்றார்கள் சிலர். பலரிடம் கேட்கவே இல்லையாம்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பேட்சுக்குப் பகுப்பாய்வு என்ற கணிதப் பாடத்தில் அடித்தளம் ஆட்டம்தான். அதற்கு வழி வெட்கப்படுவது இல்லை, விட்ட இடத்தை மறுபடி படிப்பது.

போன் ஒன்று, படிப்பவர்கள் மூன்று பேர். வகுப்பை எப்படிக் கவனிப்பது?

கவனிக்க முடியாது. ‘எல்லாரும் வந்துவிட்டீர்களா?’ என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, 62 பேர் வகுப்பில் 19 பெயர்களைப் பார்த்தபடி பாடம் நடத்தியவள் நான்.

ஒரு நாள் காலை நேரம், தொடர் வரிசைகளின் ஒருங்கல் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று வகுப்புக்குள் ஒரு குரல்: “இருநூறு! இருநூத்திப் பத்து! இருநூத்திப் பத்து!” எல்லாரும் திகைத்துப் போனார்கள். பாலக்கோடு மாணவன் ஒருவன் ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தான். தக்காளி மண்டியில் கூடைகளை இறக்கிக்கொண்டே காதில் இயர்போனைச் செருகியிருக்கிறான், பின்னால் ஏலம் நடக்கிறது. நான் கோபப்படப் போகிறேன் என்று நினைத்து அவன் இணைப்பையே துண்டித்துவிட்டான். அன்று மாலை போன் செய்தேன். “நீங்கள் கடைசியாகச் சொன்ன தேற்றம் வரைக்கும் கேட்டேன் மேடம்” என்று சொல்லி, அதை ஒப்பித்தும் காட்டினான். மண்டியின் இரைச்சலில் கணித மேதை கோஷியின் பெயரைக் காதில் வாங்கியவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதை இன்னும் மோசம். சித்தேரி, அஞ்செட்டிப் பக்கங்களில் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஒரு தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் டேட்டா அட்டையை அரசு மாணவர்களுக்குக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் டேட்டா இருந்தும் கோபுரம் இல்லாத ஊர்க்காரர்கள் அந்த அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு பாறை ஏறினார்கள்.

நடைமுறையில் உதவியது இது: பாடத்தைப் பத்து நிமிடக் குரல்பதிவாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். வீட்டில் போன் கைக்கு வரும் நேரத்தில் கேட்கட்டும் என்று. நேரலை வகுப்புக்கு வராதவனுக்கு வருகைக் குறைவு போட வேண்டும் என்று மேலிருந்து சொன்னார்கள். போடவில்லை. இதை இப்போது எழுதலாம்.

வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பெண்களிடமிருந்து வந்த கேள்விகளில் இதுதான் முதலிடம். எங்கள் இரண்டு மாவட்டங்களும் இளவயதுத் திருமணத்துக்குப் பேர்போனவை. கல்லூரிக்கு வந்துவிட்ட பெண் அந்த ஆற்றைப் பாதி கடந்தவள். கல்லூரி மூடியதும் மறுபடி இந்தக் கரைக்கே கொண்டுவந்து விடப்பட்டாள். கூட்டம் சேர்க்கத் தடை, ஆகவே செலவு குறைவு. மண்டபம் வேண்டாம், ஐம்பது பேருக்கு மேல் சோறு போட வேண்டாம். கையில் காசில்லாத தகப்பனுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

காரிமங்கலம் பக்கத்து ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டு, ஒரே செய்தியை மூன்று முறை அனுப்பியிருந்தாள்: “மேடம் அப்பாவிடம் பேசுங்கள்.” பேசினேன். நல்ல மனிதர். கத்தவில்லை. “டீச்சர், பாப்பா படிக்கட்டும், எனக்கும் ஆசைதான். காலேஜ் எப்போது திறக்கும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். அதுவரைக்கும் மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்திவைக்கிறேன். தேதி இல்லாமல் நான் அவர்களுக்கு என்ன சொல்வது?” என்றார்.

என்னிடம் தேதி இல்லை. அது 2020 அக்டோபர். இறுதி ஆண்டினருக்கு டிசம்பர் 7 அன்று திறந்தது, மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்று. அதற்குள் தை பிறந்துவிட்டது. அவள் பிப்ரவரியில் வகுப்புக்கு வந்தபோது கழுத்தில் புது மஞ்சள் கயிறு. படிப்பை முடித்தாள், அதுவே பெரிது. ஆனால் அந்த அக்டோபரில் யாராவது ஒருவர், ‘பிப்ரவரிக்கு முன்னால் திறக்காது, பிப்ரவரியில் கட்டாயம் திறக்கும்’ என்று சொல்லியிருந்தால் அவர் பொறுத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: பதினெட்டு நிறைந்த பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடிக்க யாருக்கும் உரிமையில்லை. 181 பெண்கள் உதவி எண். பதினெட்டுக்குக் கீழே இருக்கும் தங்கைக்கு என்றால் 1098. எண்ணுக்கு அழைப்பதற்கு முன் ஓர் ஆசிரியரை அப்பாவிடம் பேசவைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் வாத்தியார் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. தொற்றா, பயமா?

இரண்டும் ஒரே மாதிரி தோன்றும் என்பதுதான் தொல்லை. திடீரென்று வந்து, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக வடிந்துவிடும் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை ஆகியவை பெரும்பாலும் பதற்றத்தால் வருபவை. காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது, நாளுக்கு நாள் கூடும் மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் உடனே பரிசோதனை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் மருத்துவமனை, யோசனையே வேண்டாம் என்றார்கள் அப்போது. முதல்முறை வரும் நெஞ்சுவலியை ‘பயம்தான்’ என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

பதற்றம்தான் என்று தெரிந்துவிட்டால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. ‘இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?’ என்று கேட்ட பென்னாகரத்து மாணவன் ஒருவன், அடுத்த வாரமே தன் அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னான்.

அது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறநோயாளியாகப் போக அனுமதிச் சீட்டு ஒன்று போதும். போனில் பேச 104 அப்போதே இருந்தது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்’ என்று யாராவது சொன்னால், பல் டாக்டரிடம் போகிறவனுக்குப் பல்லே இல்லை என்று அர்த்தமா என்று கேளுங்கள்.

செய்தியைப் பார்த்தாலும் பயம், பார்க்காவிட்டாலும் பயம். எது நல்லது?

ஒரு நாளைக்கு ஒருமுறை, மாலை அரசு அறிக்கை. அவ்வளவுதான். குடும்பக் குழுவில் வரும் ‘ஒரு டாக்டர் நண்பர் சொன்னது’ வகைக் குரல்பதிவுகளைத் திறக்கவே வேண்டாம். கபசுரக் குடிநீரைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். அரசே வழங்கியது, நானும் குடித்தேன், கசந்தது. அதைக் குடித்துவிட்டோம் என்று முகக்கவசத்தைக் கழற்றிய ஆட்களைப் பார்த்தபோது அதைவிடக் கசந்தது.

தடுப்பூசி போட்டால் ஆபத்து என்றார்களே, குழந்தை பிறக்காது என்றுகூட?

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு 2021 மே 1 முதல் தடுப்பூசி என்று அறிவித்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் நடிகர் விவேக் இறந்திருந்தார். ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். மரம் நடச் சொன்ன மனிதர் என்று எங்கள் மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும். அந்தச் சாவு எங்கள் ஊர்களில் தடுப்பூசியை எத்தனை மாதம் தள்ளிப்போட்டது என்பதை நேரில் பார்த்தேன். தேசிய அளவிலான குழு ஆராய்ந்து, அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பிறகு தெரிவித்தது. ஆனால் மரணச் செய்தி போன வேகத்தில் விளக்கம் போகவில்லை. போய்ச் சேர்ந்தபோது யாரும் அதை எதிர்பார்த்துக்கொண்டும் இல்லை.

குழந்தை பிறக்காது என்பது புரளி. அதை நம்பி ஊசியைத் தவிர்த்து, இன்று இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்திருக்கும் முன்னாள் மாணவியும், ஊசி போட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் மாணவியும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். என் கணக்குக்கு அந்தத் தெருவே போதும். உங்களுக்கு ஆய்வுகள் வேண்டுமென்றால் அவையும் அதையேதான் சொல்கின்றன.

கிடைத்த வேலை போய்விட்டது. கல்விக் கடனுக்கு என்ன பதில் சொல்வது?

2020இல் வளாகத் தேர்வில் கிடைத்த வேலைகள் தள்ளிப்போயின. சில கடைசிவரை வரவே இல்லை. ‘சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்ற மின்னஞ்சலை எட்டு மாதம் திறந்து திறந்து பார்த்த பையனைத் தெரியும். அந்த நிறுவனம் வேலை இல்லை என்று முதல் வாரமே சொல்லியிருந்தால் அவன் மாம்பழக் கூழ் ஆலையில் பருவ வேலைக்காவது போயிருப்பான். அதைவிட நல்லதாக எதையாவது தேடியும் இருப்பான். கடனைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறும் என்பதைச் சின்ன எழுத்தில் படித்தவர்கள் குறைவு. இனி இப்படி ஏதாவது வந்தால் வங்கியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “வட்டி நிற்குமா, தவணை மட்டும் நிற்குமா?”

வீட்டில் ஒருவரை இழந்துவிட்டோம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இதற்குப் பதில் என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை. 2021 மே மாதத்தில் என் வகுப்பில் நான்கு வீடுகளில் சாவு. சுற்றிக் கட்டிய உறையைத் தொலைவிலிருந்து காட்டினார்கள் என்றான் ஒருவன். எட்டாம் நாள், பதினாறாம் நாள் எதுவும் முறையாக நடக்கவில்லை. பிற்பாடு, ஒரு வருடம் கழித்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டுப் படத்துக்கு மாலை போட்ட குடும்பங்கள் உண்டு. தாமதமாகச் செய்தாலும் அது வீண் இல்லை என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். நீங்கள் இன்னும் செய்யவில்லை என்றால் செய்யுங்கள்.

கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவி இருந்தது. சான்றிதழில் காரணம் சரியாக எழுதப்படாமல் அலைந்தவர்கள் பலர்.

நண்பன் ‘சாகலாம் போல் இருக்கிறது’ என்று செய்தி அனுப்பினால்?

முதலில் அழையுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். ‘தற்கொலை பண்ணிக்கொள்ள நினைக்கிறாயா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். ரகசியம் காக்கிறேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பூச்சிமருந்து திண்ணையிலேயே கிடக்கும். அதை அன்றைக்கே எடுத்து, பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். அந்தக் கெட்ட வேளை கடந்துபோவதற்குள் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுகிறார்கள். எதையாவது குடித்துவிட்டான் என்றால் 108. பேச ஆள் வேண்டும் என்றால் 104 அல்லது 14416, எந்த நேரமும்.

கல்லூரி திறந்த பிறகும் ஏன் மனம் ஒட்டவில்லை?

2021 செப்டம்பர் 1 அன்று திறந்தோம். இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். அறுபது பேர், சத்தமே இல்லை. இடைவேளையில் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, “மேடம், கழிப்பறை எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் ஆண்டில் வளாகத்தில் கழித்தது சில வாரங்கள்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க முகக்கவசத்தைக் கழற்றியபோதுதான் ஒருவருக்கொருவர் முழு முகத்தைப் பார்த்தார்கள். “நீ இப்படி இருப்பாய் என்று நினைக்கவில்லை” என்று ஒருத்தி சொல்ல, பெஞ்சே சிரித்தது. அந்த வகுப்பில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

அந்த நவம்பரில் மாநிலத்தின் பல ஊர்களில் மாணவர்கள் ‘நேரடித் தேர்வு வேண்டாம், இணையவழித் தேர்வே வேண்டும்’ என்று போராடினார்கள். சோம்பேறிகள் என்று திட்டினார்கள் பலர். நான் ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறினார்கள். மூன்று மணி நேரம் எழுதும் பழக்கம் விரல்களைவிட்டே போயிருந்தது. பிறகு தினம் இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன், பாடம் இல்லாவிட்டால் ஊர்க்கதை. சில ஊர்க்கதைகள் பாடத்தைவிட நன்றாக இருந்தன. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். அந்த முறை யாரும் எனக்கு நள்ளிரவில் செய்தி அனுப்பவில்லை. மூடும்போதே திறக்கும் தேதியையும் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் நீட்டித்தார்கள், ஆனாலும் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு முறை வந்தால் கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு ஓர் அறிவிப்பு. அதில் மூன்று வரி போதும்: தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, தெரியாததை எந்தத் தேதியில் சொல்வோம். சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும் ‘ஒன்றும் இல்லை, அடுத்த வெள்ளி பார்ப்போம்’ என்று போட வேண்டும். 2021 ஜூனிலிருந்து என் வகுப்புக்கு மட்டும் நானே இப்படிச் செய்து பார்த்தேன். இரவுச் செய்திகள் பாதியாகக் குறைந்தன. முதலில் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, ‘முடிவாகாததை எப்படி அறிவிப்பது?’ என்று கேட்டார்கள். முடிவாகவில்லை என்பதையே அறிவிக்கலாம் என்றேன். கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

மேடம், அந்த வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ‘கணிதம் ஆன்லைன்’ என்ற பெயர்கூட மாறவில்லை. பாலக்கோட்டுக்காரன் இப்போது மண்டியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை தக்காளிக் கூடையின் விலையைப் போடுகிறான். போன வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் விலை போடவில்லை. ஐந்தே காலுக்குக் காரிமங்கலத்துப் பெண் கேட்டிருந்தாள்: “என்ன ஆயிற்று? எப்போது சொல்வாய்?”